ரத்தம் குடித்த மறுநாள்

மூன்றாவது கருவும் கலைந்து வேலைக்குத் திரும்பிய பூங்கோதை, ஆய்வகக் கூண்டுக்குள் கையை நீட்டிக் கொசுக்களுக்கு ரத்தம் கொடுத்தாள். அந்த ரத்தத்தின் புரதத்தைக் கொசுவின் குடல் நொதிகள் எப்படித் துண்டுதுண்டாக உடைக்கின்றன என்பதே அவளுடைய ஆய்வு. மறுநாள் காலை, கொசுக்களைக் கொன்று குடலைப் பிரித்தெடுக்க வேண்டிய நேரத்தில் இடுக்கியை எடுத்தாள், வைத்தாள், எழுந்து நடந்தாள், மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

“என்னக்கா, முடியலையா?” என்றாள் உடன் வேலை செய்யும் பெனிட்டா.

“இன்னும் ரெண்டு நாள் விட்டா என் ரத்தம் முட்டையாயிடும்.”

பெனிட்டா கூண்டருகே போனாள். வயிறு சிவந்த கொசு ஒன்றைப் பிடித்து, ஈரத்தாள் விரித்த கிண்ணத்தில் விட்டு, வலையால் மூடி அவள் முன் வைத்தாள். பிறகு பதிவேட்டைத் திறந்தாள்.

“ஒண்ணு தானாவே செத்துப்போச்சுன்னு எழுதிக்கறேன்.”

பூங்கோதை கிண்ணத்தைச் சன்னல் வெயிலிலிருந்து நகர்த்தி வைத்தாள்.