கரண்ட் போச்சு

"இதுவும் வேண்டாம்மா" என்றார் ஃபோர்மேன்.

முதலாளியம்மாவுக்குத் தலை விண்ணென்று தெறித்தது. தொழிற்சாலை வேலைக் கணக்கு வைக்க இந்த மாதத்தில் பார்த்த நான்காவது சாஃப்ட்வேர் இது. முதலில் வந்ததில் எழுத்து பொடியாக இருக்கிறது என்றார். அடுத்தது பெரிய கம்பெனிக்குத்தான் லாயக்கு, பாட்டில் மூடி செய்கிற நமக்கு எதற்கு என்றார். மூன்றாவதற்குக் காரணமே சொல்லவில்லை. பிடரியைச் சொறிந்துகொண்டு நின்றார்.

கணவர் போன பிறகு இரண்டு வருடமாக அவள்தான் தொழிற்சாலையை நடத்துகிறாள். சொன்ன தேதிக்கு ஒரு தடவையாவது சரக்கு போய்ச் சேர்ந்ததா? இல்லை. பங்கு வைத்திருக்கும் கொழுந்தன் மாதக் கடைசியில் வந்து, மெஷின் எப்போது, ஏன் நின்றது என்று ஃபோர்மேன் எழுதும் நோட்டைப் புரட்டுவான். "முடியலைன்னா சொல்லுங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்று தேனாகப் பேசிவிட்டுப் போவான்.

எங்கேயோ வேலை நேரம் களவு போகிறது. அவளுக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை. மூடிக்கான பிளாஸ்டிக் குருணையைக்கூடக் காலையிலும் மத்தியானமும் அவளே ஸ்டோரைத் திறந்து அளந்து கொடுப்பாள். ஒருமுறை ஃபோர்மேன் ஸ்டோர் சாவியைக் கேட்டார். "இது என் இடுப்பை விட்டு இறங்காது" என்று வெடுக்கென்று சொன்னாள். அன்றிலிருந்து சந்தேகமெல்லாம் அவர் மேல்தான்.

நான்காவது சாஃப்ட்வேர்காரர் பொறுமையாக விளக்கியிருந்தார். மெஷினில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டுவார்களாம். மெஷின் எப்போது நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, கரண்ட் போனதா, எல்லாவற்றையும் அதுவே குறித்துக்கொள்ளுமாம். யாரும் நோட்டில் எழுத வேண்டாமாம்.

அதைக் கேட்டுத்தான் ஃபோர்மேன் முகம் செத்துப்போனது. அவளும் பார்த்துவிட்டாள்.

"இதையே மாட்டுங்க" என்றாள்.

இரண்டு வாரம் போனது. சாஃப்ட்வேர்காரர் கணக்கோடு வந்தார். பெட்டி சொன்னபடி கரண்ட் போனது ஒரே ஒரு நாள். ஃபோர்மேன் நோட்டில் பதினோரு நாள். பதினொன்றிலும் ஒன்றேகாலிலிருந்து இரண்டரை வரை மெஷின் நின்றிருக்கிறது.

படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்குச் சாப்பாடு ஊட்ட அவள் வீட்டுக்குப் போகும் நேரம். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஆட்டம் போட்டிருக்கிறார்கள்.

வேலையை விட்டு நிறுத்தும் கடிதத்தைத் தயாராக மேஜையில் வைத்துக்கொண்டு, சாஃப்ட்வேர்காரர் முன்னாலேயே ஃபோர்மேனைக் கூப்பிட்டாள். அன்றைக்கு வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பேசப் பேச ஆத்திரம் ஏறியது. ஏமாளி என்று நினைத்தீர்களா என்றாள். நான் வீட்டிலிருந்து திரும்பி வந்தால், இப்பத்தான் கரண்ட் வந்ததென்று வாய் கூசாமல் சொன்னீர்களே என்றாள்.

வெளியே மெஷின் சத்தம் நின்றது.

அவள் அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கடிகாரத்தில் மணி ஒன்றேகால்.

"கரண்ட் இருக்கே. மெஷின் ஏன் நின்னுது?"

"காலையில கொடுத்த குருணை தீர்ந்துபோச்சும்மா."

"ஸ்டோர்ல மலையா குவிஞ்சு கிடக்கே?"

"கிடக்கும்மா. சாவி உங்க இடுப்புல இருக்கு."

அவள் கை தன்னால் இடுப்புக்குப் போனது. சாஃப்ட்வேர்காரர் சட்டென்று தன் பையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

அவள் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். "அதை அப்படியே நோட்டுல எழுத வேண்டியதுதானே? கரண்ட் போச்சுன்னு எதுக்குப் பொய்?"

"அந்த நோட்டைத்தானேம்மா உங்க கொழுந்தனார் வந்து பாக்கறாரு" என்றார் ஃபோர்மேன். "அதுல உங்க பேரை எப்படி எழுதறது? கரண்ட்டுன்னா பழி வந்தாத் தாங்கிக்கும்."