நேற்று விட்ட இடம்

"உன் ப்ரோக்ராம் நேத்தும் பின்னால போயிடுச்சும்மா. கேட்டதையே திரும்பக் கேட்டோம்," என்றார் அப்பா.

இது நான்காவது நாள். அந்த ப்ரோக்ராமை எழுதியவள் நான். சுருக்கென்றது.

அம்மாவுக்கு ஒரு கண் பார்வை போய் வருடங்கள் ஆகின்றன. இருக்கிற ஒன்றும் மங்கிவிட்டது. இந்த மாதத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் அதுவும் கைவிட்டுப் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அம்மாவோ, பாதியில் நிற்கும் நாவலின் முடிவு தெரியாமல் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கமாட்டேன் என்றாள். அவள் பிடித்த பிடி அப்படி.

அதனால்தான் அந்த ப்ரோக்ராம். நாவல் இருக்கும் கோப்பைத் திறக்கும். நேற்று விட்ட இடத்துக்கு ஒரே தாவாகத் தாவும். அங்கிருந்து உரக்கப் படிக்கும். நிறுத்தினால் இடத்தைக் குறித்துக்கொள்ளும்.

முதல் நாள் ஒரு கூத்து. கோப்பில் ஒரு தமிழ் எழுத்து குறைந்தது மூன்று இடங்களை அடைக்கும். நான் ஒன்றென்று கணக்குப் போட்டுவிட்டேன். அது ஏதோ ஓர் எழுத்தின் நடுமண்டையில் போய் இறங்கி உளறியது. அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அதைச் சரிசெய்தாயிற்று. இப்போது இது.

அப்பா குளிக்கப் போனதும் ப்ரோக்ராமின் பதிவுகளைப் பார்த்தேன். தாவச் சொல்லி நான் எழுதிய வரியில் ஒரு குறையும் இல்லை. தினமும் காலை ஆறு மணிக்கு யாரோ பின்னால் நகர்த்தும் பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். பதினோரு முறை.

ஆறு மணிக்கு இந்த வீட்டில் எழுந்து நடமாடுவது ஒரே ஒருவர். ஆபரேஷனெல்லாம் எறும்புக்கடி என்று அம்மாவுக்குத் தினமும் தைரியம் சொல்பவர். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. தைரியம் சொன்னவருக்குத்தான் ஆபரேஷன் பயம்.

கோபம் வரவில்லை. அந்த மனிதர் மேல் பாசம்தான் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் மாதம் முடிய ஆறு நாள்தான் இருந்தது.

மாலையில் நானே இடத்தை முன்னால் நகர்த்தி, அவர்கள் கேட்க மிச்சமிருந்த கடைசி அத்தியாயத்தின் முதல் எழுத்தில் நிறுத்தினேன். இருவரும் சோபாவில் வந்து உட்கார்ந்தார்கள்.

ப்ரோக்ராம் படிக்கத் தொடங்கியதும் அப்பாவின் முகம் வெளுத்தது. கை மெல்லக் கணினிப் பக்கம் ஊர்ந்தது.

சரியாகத் தெரியாத கண்ணோடு, அம்மா குறி தவறாமல் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாலு நாளா உங்களுக்காகத்தான் அதையே கேட்டுட்டு இருந்தேன். இன்னைக்கு முடிச்சிடலாங்க."