இரவல் பழி

காலை ஏழே கால். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தவரைத் தெருவில் 'ஸ்பேனர்' என்றுதான் சொல்வார்கள். மிக்ஸி, தண்ணீர் மோட்டார், சுவர்க் கடிகாரம் என்று ஒரே மாதத்தில் மூன்றைப் பிரித்துப் போட்டவர். மூன்றும் இன்னும் ஓடவில்லை.

"தம்பி, என் மானம் உங்க கையில" என்றார் மெக்கானிக்கிடம்.

"என்ன சார் ஆச்சு?"

"சைலன்சர் லேசா ஆடுச்சு. நட்டை ஒரு சுத்து முறுக்கினேன். இப்போ அது மாட்டியிருக்கிற ஸ்டட் ஆணியும் சேர்ந்து சுத்துது. இறுகவே மாட்டேங்குது."

மெக்கானிக் குனிந்து பார்த்தான். "என்ஜின்ல ஸ்டட் இறங்குற துளையோட மரை தேஞ்சு போயிடுச்சு. துளையைப் பெருசாக்கி, புதுசா மரை வெட்டி, உள்ளே கம்பிச் சுருள் வைக்கணும். சாயங்காலம் ஆகும்."

"அது ஆகட்டும். வீட்டுக்காரி பின்னாலேயே வர்றா. வண்டியில கை வெச்சா என் டூல்ஸ் பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போகும்னு சொல்லியிருக்கா. போன வருஷம் சைலன்சர் மாட்டினது நீங்கதானே? அப்பவே நீங்க ஓவரா முறுக்கிட்டதா சொல்லிடுங்க."

"நல்லா இருக்கே. என் கை பட்ட வண்டியில மரை போனதா சரித்திரமே இல்ல சார்."

"ஒவ்வொண்ணா பார்த்துப் பார்த்துச் சேர்த்த பெட்டி, தம்பி."

அவர் குரல் உடைந்ததைக் கேட்டு மெக்கானிக்கின் மனசு இளகிவிட்டது.

கைப்பையோடு மனைவி வந்து நின்றாள். "இவர் கை வெச்சாரா?"

"இல்லக்கா. போன வருஷம் நான்தான் அவசரத்துல ஓவரா முறுக்கிட்டேன். தப்பு என்னுது."

அவள் கணவனை மேலும் கீழும் பார்த்தாள். "பரவாயில்லையே. இவர் கை படாமலும் ஒரு பொருள் கெட்டுப்போகுது."

பிறகு மெக்கானிக்கிடம், "தப்பை இப்படி ஒத்துக்க யாருக்கு தம்பி மனசு வரும்?" என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போனாள். ஸ்பேனர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவள் பின்னாலேயே ஓடினார்.

மதியம் மெக்கானிக் ஸ்டட்டை உருவினான். அதோடு சாம்பல் நிறத்தில் காய்ந்த பசையும் ஒட்டிக்கொண்டு வந்தது.

அவனுடைய பசைதான். போன வருஷம் இதே ஸ்டட்டை அவசரத்தில் முறுக்கி, மரை போனதும் பசை பூசிச் செருகி, ஒன்றும் நடக்காதது போல வண்டியைக் கொடுத்து அனுப்பியது சுத்தமாக மறந்தே போயிருந்தது.

சாயங்காலம் வண்டி எடுக்க வந்தவரிடம் ஸ்டட்டைக் காட்டினான். "சார், நிஜமாவே தப்பு என்னுதுதான். உங்க மேல ஒண்ணும் இல்ல."

ஸ்பேனருக்குக் கண் கலங்கிவிட்டது. "அவ இல்லாதப்பவும் என்னை விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறீங்களே, தம்பி."

"இந்தப் பசையைப் பாருங்க சார்..."

"போதும். முறுக்கின கை என்னுது. எனக்குத் தெரியாதா?"

அடுத்த வாரம், தனக்குத் தெரிந்த ஒரே உத்தமன் என்று சொல்லி, ஸ்பேனர் தன் டூல்ஸ் பெட்டியை மெக்கானிக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.