கல்குவாரி கேட்

எம்லின் தன் புதுக் கைக்கடிகாரத்தின் மேல் தானே காரை ஏற்றினார். மழைச்சட்டையை மாட்டுவதற்காகக் கழற்றிக் கீழே வைத்ததை மறந்துவிட்டு, "வண்டியைக் கொஞ்சம் ஓரங்கட்டறேன்" என்று பின்னால் எடுத்தார். அப்பளமாய் நொறுங்கிப் போனது.

பந்தயம் தொடங்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. இருபத்து நாலு மைல், ஐந்து மலை, அறுபத்தோரு வயது.

மனைவி எலுனெட் குனிந்து அந்தச் சில்லுகளைப் பார்த்தாள். "நல்லதாப் போச்சு" என்றாள்.

எம்லினுக்குச் சுருக்கென்றது. அவருக்கு மலை எதிரி இல்லை, நேரம்தான் எதிரி. பதினாறாவது மைலில் கல்குவாரி கேட் இருக்கிறது. மதியம் மூன்று மணிக்குள் அதைத் தாண்டாதவர்களை வேனில் ஏற்றிக் கீழே அனுப்பிவிடுவார்கள். ஒன்பது வருடமாக எம்லின் வேனில்தான் ஊர் திரும்புகிறார். போன வருடம் கேட்டைத் தவறவிட்டது இரண்டே நிமிடத்தில்.

அந்தக் கேட்டில் பெயர்ப்பட்டியல் பலகையும் பேனாவுமாக நின்று, தாமதமாக வந்தவர் பெயரை அடிப்பது வேறு யாருமில்லை, எலுனெட்தான். பத்தொன்பது வருடமாக அது அவள் வேலை.

"கல்யாணத்தன்னிக்கு நான் நாப்பது நிமிஷம் லேட்டு. அன்னிக்கு மட்டும் சர்ச் வாசல்ல காத்துக்கிட்டு நின்னியே?" என்று போன வருடம் கெஞ்சிப் பார்த்தார்.

"அன்னிக்கு என் கையில பலகை இல்ல. வேன்ல ஏறு."

இந்த வருடம் அப்படி விடுவதாக இல்லை. எலுனெட் செவ்வாய்தோறும் ரெக்ஸம் நகரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டதால், தடுக்க ஆளில்லாமல் நன்றாகவே பயிற்சி எடுத்திருந்தார்.

ஜூன் மாதம்தான். ஆனால் அதை வேல்ஸ் மலைகளுக்கு யாரும் சொல்லவில்லை. காலை முதல் மூடுபனி. சூரியன் எந்தப் பக்கம் என்று செம்மறியாடுகளுக்கே தெரியவில்லை. மூன்றாவது மலையில் எம்லின் இடுப்பளவு சேற்றில் இறங்கி, அங்கேயே கொஞ்ச நேரம் குடியிருந்தார்.

கையைப் பிடித்துத் தூக்கிவிட்டவன் எலுனெட்டின் தம்பி டெகிட். கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்து, வழிகாட்டும் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு வருவது அவன் பொறுப்பு. அதாவது, வருடா வருடம் எம்லினோடு வருவது.

"மணி என்னடா?"

"வாட்ச் கார்ல கிடக்கு மச்சான்."

"ஒரு குத்துமதிப்பாவாவது சொல்லேன்டா!"

"உங்க வேகத்துக்கு வாட்ச் எதுக்கு? காலண்டர் போதும். ஓடுங்க."

ஒருவழியாகக் கல்குவாரி தெரிந்தது. ஏனோ வேனைக் காணோம். எலுனெட் மட்டும் கேட்டில் நின்றாள். எம்லின் பிடிபட்ட திருடன் மாதிரி இரண்டு கையையும் நீட்டினார்.

"சரி, அடிச்சிரு என் பேரை."

அவள் தன் கடிகாரத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ரெண்டு நிமிஷம் இருக்கு. ஓடு."

"நிஜமாவா?"

"பேசிக்கிட்டு நின்னா அதுவும் போயிடும்" என்று வெண்ணெய் தடவிய பழரொட்டித் துண்டு ஒன்றை அவர் வாயில் திணித்தாள். அப்போதுதான் கவனித்தார், கல்யாண மோதிரம் அவள் கட்டைவிரலில் இருந்தது.

"இதென்ன, புதுசா ஆள் பாத்துட்டியா?"

"வேற விரல்ல நிக்க மாட்டேங்குது. ஓடுய்யா, ஓடு!"

எம்லின் ஓடினார். ஒன்பது வருடம் வேன் ஜன்னலில் பார்த்த மலைகளின் மேல், பாடிக்கொண்டே ஓடினார். பாட்டின் உச்சத்தில் இரண்டு முறை விழுந்தார். எழுந்து, விட்ட அடியிலிருந்து பாடினார்.

ஊர் மண்டபத்து வாசலில் முடிவுக்கோடு. ஜெயித்தவன் எப்போதோ வீட்டுக்குப் போய்க் குளித்திருப்பான். இருந்தும் நாற்பது ஐம்பது பேர் கலையாமல் நின்று கைதட்டினார்கள். தனக்கு இவ்வளவு செல்வாக்கா என்று எம்லினுக்கே கூச்சமாக இருந்தது. டெகிட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வியர்வை என்றான்.

எலுனெட் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். கணவர் அதைத் தாண்டி அவள் பார்த்ததே இல்லை. சேறு அப்பியிருந்த அவர் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி, கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

உள்ளே போய் உட்கார்ந்து சூப்பை வாயருகே கொண்டுபோனபோது, சுவர்க்கடிகாரம் கண்ணில் பட்டது. ஆறரை.

கேட்டிலிருந்து இங்கே எட்டு மைல். மூன்று மணிக்கு அங்கிருந்து கிளம்பிய ஆள், இந்நேரம் வீட்டில் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்க வேண்டும். எம்லின் கிண்ணத்தைக் கீழே வைத்தார். டெகிட்டைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"எலுனெட், நேராச் சொல்லு. நான் கேட்டைத் தாண்டறப்ப மணி என்ன?"

"அதை விடு. சூப் ஆறுது."

"மணி என்ன?"

"மூணு நாப்பது."

மண்டபத்தில் பேச்சு நின்றுபோனது. யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

"பத்தொன்பது வருஷமா யாருக்கும் ஒரு நொடி விட்டுக் கொடுத்ததில்ல நீ" என்றார் எம்லின். "எனக்கு மட்டும் எதுக்குப் பிச்சை? அடுத்த வருஷம் நானே நேரத்துக்கு வந்து நின்னிருப்பேனே!"

எலுனெட் கட்டைவிரல் மோதிரத்தை ஒருமுறை சுற்றினாள்.

"செவ்வாய்தோறும் நான் போனது அக்கா வீட்டுக்கு இல்ல, ஆஸ்பத்திரிக்கு. நீ வந்துடுவே, எம்லின். நான்தான் இருக்க மாட்டேன்."