சுருங்காத செடி

செடிகளை ஆராய்கிறவர்கள் வருஷம் ஒருதரம் கூடுகிற மாநாடு அது. வாசலில் அலங்காரத்துக்கு ஒரு குரோட்டன்ஸ் தொட்டி வைத்திருந்தார்கள். பக்கத்து மேசையில் வேடிக்கை காட்ட ஒரு தொட்டாற்சுருங்கி. வருகிறவர், போகிறவர் எல்லாரும் அதைத் தொட்டார்கள். அதுவும் சளைக்காமல் சுருங்கிக் காட்டியது.

"ஏன் தங்கச்சி, இப்படி ஓயாம சுருங்கிச் சாகிறே?" என்றது குரோட்டன்ஸ்.

"சுருங்கலேன்னா குப்பையில போட்டுடுவாங்களே அக்கா!"

மூன்றாம் நாள் பெரிய பேராசிரியர் வந்து தொட்டார். மூன்று நாளாய் எல்லாரும் தொட்டுத் தொட்டுச் செடிக்குப் பழகிப்போயிருந்தது. இலை அசையவே இல்லை. 'போச்சு, இனி குப்பைதான்' என்று நினைத்தது தொட்டாற்சுருங்கி. அவரோ, "தொட்டா ஆபத்தில்லைன்னு கத்துக்கிச்சு பாருங்க!" என்று கைதட்டினார். கூட்டமும் தட்டியது. அடுத்த வருஷமும் இதையே கொண்டுவாங்க என்றார்கள்.

"தப்பிச்சே போ. இனி நிம்மதியா இரு," என்றது குரோட்டன்ஸ்.

மறு வருஷம் அதே குரோட்டன்ஸுக்குப் பக்கத்தில், அதே மேசையில், 'சுருங்காத செடி' என்று அட்டை எழுதி வைத்தார்கள். முதல் ஆள் விரலை நீட்டிக்கொண்டு வந்தார்.

தொட்டாற்சுருங்கி இலைகளை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு முனகியது:

"அக்கா, வருஷம் முழுக்க என்னை யாருமே தொடலை, பழக்கம் விட்டுப்போச்சு. இப்ப சுருங்கணும்போல வருதே!"