புட்டிங் மாமாவிடம் தோற்ற பாட்டு

வானொலியில் மூன்றாம் இடத்துப் பாட்டு முடிந்ததும் பீர்க் குழாயை மூடினேன். அதற்கு மேல் என் பப்பில் யாரும் குடிக்கிற நிலையில் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு. இந்த வருஷம் எந்தப் பாட்டு முதலிடம் என்று இங்கிலாந்தே ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கும் சாயங்காலம்.

டிசம்பர் வந்தால் இந்த நாட்டுக்குப் புத்தி கொஞ்சம் மழுங்கும். ஒரு வருஷம் இருமுகிற பனிமனிதன் பாட்டை ஜெயிக்க வைத்தார்கள். இன்னொரு வருஷம் வான்கோழி. ஆனால் இம்முறை ஹடர்ஸ்ஃபீல்டு ஊர்க்காரர்களான எங்களுக்குச் சொந்தக் காரணம் இருந்தது.

கிரஹாம் ஆர்மிடேஜ். எங்கள் தெருக்காரன். பல வருஷமாகக் கல்யாணங்களிலும் கிளப்புகளிலும் பாடித் திரிந்தவன். செத்துப்போன அம்மாவைப் பற்றி, அவள் உட்காராத நாற்காலியைப் பற்றி, ஒரு பாட்டு எழுதினான். லண்டன் கம்பெனிக்காரர்கள் என்ன நினைத்தார்களோ, இசைத்தட்டாகப் போட்டுவிட்டார்கள். அது பட்டியலில் ஏறியது. ஏறிக்கொண்டே வந்தது.

குறுக்கே நின்றவன் ஒரே ஒருவன். புட்டிங் மாமா.

அவன் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. தலையில் பச்சை இலை செருகிய ஆளுயரக் கிறிஸ்துமஸ் புட்டிங் பலகாரப் பொம்மைக்குள் புகுந்துகொண்டு டிவியில் தொப்பையைக் குலுக்குவான். முகத்தைக் காட்டியதே இல்லை. 'கொஞ்சம் க்ரீம் ஊத்து, கொஞ்சம் குலுங்கிக்கோ' என்பதுதான் மொத்தப் பாட்டும். நடுநடுவே ஏப்பம். ஒரு பாதிரியார் கண்டித்துப் பத்திரிகையில் எழுதினார். மறுநாள் கடைகளில் இசைத்தட்டு தீர்ந்துபோயிற்று.

அவன் படத்தை அம்பெறியும் பலகையில் ஒட்டியிருந்தோம். சல்லடையாகிவிட்டது. கிரஹாம் மட்டும் எறியவில்லை. ஜெயிக்கப்போகிறவன், பெருந்தன்மை என்று நினைத்தோம்.

அன்றைய அதிசயம் கிரஹாமின் அப்பா வில்ஃப்ரெட் வந்திருந்ததுதான். தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்துகிறவர். மது வாடையே ஆகாது. ரேடியோவில் வருவதெல்லாம் அவருக்கு வெறும் சத்தம். மகன் கிளப்பில் பாடப் போன நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு வானிலையோடு சரி. மேல்கோட்டைக் கழற்றாமல், எலுமிச்சைச் சோடாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"மொரீன், சத்தத்தைக் கூட்டும்மா!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டினேன்.

இரண்டாம் இடம், கிரஹாம் ஆர்மிடேஜ்.

நாற்காலிப் பாட்டு ஒலித்தது. யாரும் அசையவில்லை. அது முடிந்த அடுத்த நொடி, அந்த ஏப்பம்.

"நாசமாப் போறவன்!" கசாப்புக்கடை டெரெக் மேசையில் குத்தினான். "பெத்த தாயை ஒரு பலகாரம் தோக்கடிச்சிருச்சேடா!"

"மூஞ்சியைக் காட்டத் துப்பில்லாத பய," என்றேன் நானும். "அவனைப் பெத்தவங்க எப்படித்தான் வெளிய தலைகாட்டுறாங்களோ!"

கிரஹாமின் தோளைத் தட்டாத கை இல்லை. ஒவ்வொரு தட்டுக்கும் அவன் இன்னும் கொஞ்சம் குறுகினான். முகம் கழுத்துவரை சிவந்துபோயிருந்தது.

வில்ஃப்ரெட் எழுந்து வெளியே போனார். கிரஹாம் பின்னாலேயே போனான். நொந்துபோன பிள்ளையைக் கிழவர் திட்டிவிடப் போகிறாரே என்று நானும் கதவுவரை போனேன். இருவரும் வாசல் கூரைக்கடியில் நின்றிருந்தார்கள். மழை.

"அந்த ஏப்பம் விட்டதும் ஒரு மூச்சு வாங்குற பாரு," என்றார் வில்ஃப்ரெட். "சின்னதுல சர்ச்சுல பாடுறப்பவும் அப்படித்தான் வாங்குவ. எத்தனை தடவை சொல்லியிருப்பேன். பொம்மைக்குள்ள இருக்கிறது நீதான்னு முதல் நாளே தெரிஞ்சிருச்சு."

கிரஹாம் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"அதைப் பாடினாத்தான் அம்மா பாட்டைப் போடுவோம்னு சொல்லிட்டாங்கப்பா. வெளிய யாருக்கும் தெரியக் கூடாதுன்னும் சொல்லிட்டாங்க."

கிழவர் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு ரெக்கார்டும் வாங்கினேன். அம்மா பாட்டை ஒரு தடவைக்கு மேல போட முடியலடா. வீடு தாங்கல."

காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு படியிறங்கினார்.

"மத்ததுதான் தினமும் ஓடுது."