குரங்கு கொண்டுபோன டேப்

"குரங்கு தூக்கிட்டுப் போயிட்டா? கத நல்லாத்தான் சொல்லுத." டாக்டர் வல்லிநாயகம் மேஜையில் தட்டினார்.

எப்சிபா தலையைக் குனிந்து நின்றாள். தென்காசியில் அவருடைய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவள் பொறுப்பு. நோயாளிகளின் விவரங்களை வாராவாரம் கேசட் மாதிரியான ஒரு டேப்பில் நகலெடுத்து, குற்றாலத்தில் டாக்டர் பங்களாவில் கொண்டுபோய்ப் பூட்ட வேண்டும். ஆஸ்பத்திரியே தீப்பிடித்தாலும் அது பிழைத்துக் கிடக்கும்.

நேற்று டேப்போடு போனபோது குற்றாலத்தில் சீசன் கூட்டம். மாமியார் முகம் கொஞ்சம் மலரட்டுமே என்று நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி, டேப் இருந்த பையிலேயே போட்டாள். புத்திகெட்ட வேலைதான். அருவிக்கரைக் குரங்கு சும்மா விடுமா? பையோடு மரமேறிவிட்டது.

"டேப்பை என்கிரிப்ட் பண்ணித்தான் வச்சிருக்கேன் சார். நம்மகிட்ட இருக்க சாவி நம்பர் இல்லாம யாரு போட்டுப் பாத்தாலும் ஒரு எழுத்து தெரியாது. வேற நகல் இன்னைக்கே எடுத்திருதேன்."

"பேசாத. ஒருத்தருக்கு என்ன நோயின்னு அவரைப் பெத்தவகிட்டகூட நான் வாயத் திறந்ததில்ல. நோயாளி ரகசியம் எனக்கு சாமி மாதிரி. அத நீ ரோட்டுல விட்டுட்டு வந்து நிக்க."

எதிரே டை கட்டி உட்கார்ந்திருந்தவர் தான் கொண்டுவந்த ஸ்வீட் பாக்ஸைத் தள்ளி வைத்தார். "டாக்டர் சொல்றது சரிதானம்மா. இன்னைக்கு டேட்டாதான் தங்கம்."

"என் ஃபைலும் அதுலதான் சார் இருக்கு. எனக்கு அக்கறை இருக்காதா?"

அது நிஜம். அவளும் புருஷன் பிரின்சும் அங்கேதான் குழந்தை பிறக்க வைத்தியம் பார்க்கிறார்கள். குறை பிரின்சுக்கு. அவன் அம்மாவுக்குத் தெரிந்தால் மனசொடிந்துபோவான் என்று, மலடிப் பட்டத்தை இவளே சுமந்துகொண்டிருந்தாள்.

"நாளைல இருந்து வேலைக்கு வராத."

சாயங்காலம் வீட்டில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் செல் அடித்தது.

"ஏட்டி, ஒனக்குப் போனு." மாமியார் ரூபி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிரின்ஸ் சார் வீடுங்களா? மதுரையில குழந்தைப்பேறு சென்டர்ல இருந்து பேசுறோம். சாருக்கு உயிரணு ரொம்பக் கம்மின்னு ரிப்போர்ட் பாத்தோம். இந்த மாசம் எங்ககிட்ட நல்ல ஆஃபர் இருக்குங்க."

ரூபி சுவரைப் பிடித்துக்கொண்டாள். கட்டிலில் படுத்திருந்த பிரின்ஸ் எழுந்து உட்கார்ந்தான். அம்மாவின் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை.

எப்சிபா சோப்பு நுரையோடு ஓடிவந்து போனைப் பிடுங்கினாள். "எங்க ரிப்போர்ட் ஒங்களுக்கு எப்படிக் கெடச்சது? அந்த டேப்பு ஒங்க கைக்கா வந்திருக்கு?"

"டேப்பா? அதெல்லாம் எதுக்கு மேடம்? எங்க மேனேஜர் இன்னைக்குக் காலையில ஸ்வீட் பாக்ஸோட போனாரு. ஒங்க டாக்டரே மொத்த லிஸ்ட்டையும் பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துட்டாரே."